விளம்பரம் இல்லாத மூன்று மணி நேரம்

செப்டம்பர் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்திலிருந்து ஒலிபரப்பாகும் எங்கள் வானொலியில் ஒரு விளம்பரம்கூட வரவில்லை. முப்பத்தேழு பாட்டுகள் வந்தன.

நான் அங்கே நிகழ்ச்சிப் பொறுப்பாளர். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, யார் எவ்வளவு நேரம் பேசலாம், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் என் கையில். விளம்பரங்களை வாங்கி வரிசைப்படுத்துவது மட்டும் அக்காவின் மேசை. அவர் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. எங்களுக்கு, முதலாளியிலிருந்து வாசல் காவலாளிவரை, அவர் அக்காதான். ஐம்பத்திரண்டு வயது. நாலு பேர் முன்னால் என்னை ‘சார்’ என்பார். தனியாக இருந்தால் ‘தம்பி’.

அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. ஏழு பேர் செத்ததற்கு அவரைக் குற்றவாளியாக்கி இரண்டு ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். செய்தவன் நான். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை, நானாகவே வந்தேன். அதையும் குறித்துக்கொண்டால் நல்லது.

உங்களுக்கும் விளம்பரம் பிடிக்காது என்று நினைக்கிறேன். யாருக்கும் பிடிப்பதில்லை. பாட்டு காற்றில் சும்மா வருகிறது, நடுவில் இந்தப் பற்பசைக்காரன் எதற்கு என்று கேட்பவர்கள்தான் எல்லாரும். ஆனால் அந்தப் பற்பசைக்காரனும் வீட்டுமனைக்காரனும்தான் எங்கள் பதினெட்டு பேருக்கும் சம்பளம் கொடுத்தார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். பாட்டு இரண்டு நிமிடம் முன்னே பின்னே போகலாம், அறிவிப்பாளர் சிரித்து மழுப்பிவிடுவார். விளம்பரம் அப்படிப் போக முடியாது. எட்டரை என்றால் எட்டரை. சொன்ன நேரத்தில் போட்டோம் என்று எழுதிச் சான்றும் கொடுக்க வேண்டும். வானொலியில் நேரம் தவறாத ஒரே பேச்சு, காசு கொடுத்து வாங்கின பேச்சுதான். அணைக்கட்டு அலுவலகத்தில் யாரோ ஒருவருக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. மதகு திறக்கும் எச்சரிக்கையையும் அவர் நல்லது நினைத்துத்தான் காசு கட்டி, விளம்பரமாக அனுப்பினார்.

அந்த ஆண்டின் நடுவில் எங்கள் நேயர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னொரு வானொலி புதிதாக வந்திருந்தது. முதலாளி அதைப் பெயர் சொல்ல மாட்டார், எதிர்க்கடை என்பார்.

“எதிர்க்கடைக்காரன் பாட்டுப் போடறான், நாம பற்பசை விக்கறோம். ஜனங்க பல்லு விளக்கிட்டு அங்க போயிடறாங்க” என்றார் ஒரு நாள். “என்ன பண்ணலாம், சொல்லுங்க. நீங்கதானே மூளை.”

நான் சொன்னேன். பத்து நாள், காலை மூன்று மணி நேரம், விளம்பரமே கிடையாது. பாட்டு மட்டும். நேயர்கள் பாட்டுகளை எண்ண வேண்டும். பத்து மணிக்குச் சரியான எண்ணிக்கையைச் சொல்லும் முதல் ஆள் அன்றைய வெற்றியாளர். பத்தாம் நாள், பத்து வெற்றியாளர்களில் ஒருவருக்குச் சீட்டுக் குலுக்கிக் கார். காரைக் கொடுக்க ஒரு கார் விற்பனையாளர் ஒத்துக்கொண்டார். அவருடைய நிபந்தனை ஒன்றுதான். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் கடையின் பெயரைத் தவிர, காசு வாங்கிய வார்த்தை ஒன்றுகூட வரக் கூடாது. வந்தால் கார் இல்லை. எண்ணுகிறவர்களின் கவனம் சிதறாமல் இருக்கச் செய்தியையும் எடுத்துவிட்டோம். அது என் யோசனை.

இரண்டு பாட்டுக்கு ஒரு முறை ஒரு குரல் வரும்: “விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லை, பத்து மணிவரை விளம்பரமே இல்லை.” எட்டு நொடி. ஒரு காலையில் பதினெட்டு முறை. விளம்பரம் இல்லை என்று சொல்வதற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டு நிமிடம் இருபத்து நான்கு நொடி. அணைக்கட்டு அறிவிப்பின் நீளம் இருபது நொடி. இதை நான் பின்னால்தான் கூட்டிப் பார்த்தேன்.

செப்டம்பர் பதினாறு, ஏழாம் நாள். மேற்கே மலையில் நல்ல மழை. காலை ஆறு ஐம்பதுக்கு அணைக்கட்டு அலுவலகத்திலிருந்து அக்காவின் கணினிக்கு அறிவிப்பு வந்தது. அவர் அதை அச்செடுத்து, தாளின் அடியில் அது வந்த நேரத்தை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் அறைக்குக் கொண்டுவந்தார். எங்கள் இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. வந்து சேர்ந்ததற்கும், ஒலிபரப்பாகி முடிந்ததற்கும் மை. நடுவில் எப்போது போடுவது என்ற நேரம் மட்டும் பென்சில். ஒரு நாளில் ஐந்தாறு தடவை மாறும், மையில் எழுதினால் தாள் கிறுக்கலாகிவிடும். பென்சிலில் எழுதும் அதிகாரம் எனக்கு மட்டும்.

“தம்பி, எட்டரைக்கு மதகு திறக்கறாங்களாம். ஏழேகால், ஏழேமுக்கால், எட்டேகால், எட்டேமுக்கால்னு நாலு தடவை கேட்டிருக்காங்க.”

“காசு கட்டியா?”

“ஆர்டரும் கூடவே வந்திருக்கு.”

“அப்ப விளம்பரம்தான், அக்கா.”

“தண்ணி வருதுன்னு சொல்றது விளம்பரமா?”

“காசு வாங்கினா விளம்பரம். கார்க்காரர் காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்காரு. மூணு நாள்தான் பாக்கி.”

“ஆர்டரைத் திருப்பி அனுப்பிடறேன், காசே வேணாம்னு. மைக்கை விட்டுச் சும்மா வாசிக்கச் சொல்லுங்களேன்.” மைக் என்பது எங்கள் காலை அறிவிப்பாளரின் பட்டப்பெயர்.

அது நல்ல யோசனை. ஒரு நிமிட வேலை. ஆனால் கார்க்காரரிடம் செய்தியும் இருக்காது என்று நான் சொல்லியிருந்தேன். ஆறு நாளில் எதிர்க்கடையின் பாதி நேயர்கள் எங்கள் பக்கம் வந்திருந்தார்கள். பாட்டுக்கு நடுவே ஒரு குரல் நுழைந்தால், அது விளம்பரமா இல்லையா என்று நூறு பேர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சண்டை போடுவார்கள். எனக்கு அது அழகாக இருக்காது என்று பட்டது.

“பத்து அஞ்சுக்குப் போடுங்க. முதல் விளம்பரமே அதான். கணீர்னு கேக்கும்.”

“பத்து மணிக்குள்ள தண்ணி ஊரைத் தாண்டிடும், தம்பி.”

“சைரன் ஊதுவாங்க, ஜீப்புல ஒலிபெருக்கி கட்டிட்டுப் போவாங்க. நம்மளை நம்பியா, அக்கா, ஆறு ஓடுது?”

அவர் சிரிக்கவில்லை. நான் தாளின் மூலையில் பென்சிலால் 10.05 என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து எப்போதும் மெல்லியது. அழுத்தி எழுதும் பழக்கம் இல்லை.

ஏழே முக்காலுக்கு மறுபடி வந்தார். நான் ஒலிபரப்பு அறைக்குள் இருந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று தாளைத் தூக்கிக் காட்டினார். நான் உள்ளங்கையைக் காட்டினேன், பொறுங்கள் என்று. எட்டேகாலுக்கு இன்னொரு முறை வந்து தாளைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். நான் தலையாட்டினேன், தெரியும் என்று. எட்டரைக்கு அவர் கிளம்ப வேண்டும். அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார். அதற்கு அனுமதி கொடுத்தவனும் நான்தான். அந்தச் சிகிச்சைக்கான காப்பீடும் எங்கள் நிறுவனத்தின் பேரில் இருந்தது. அவர் வேலை போனால் சிகிச்சையும் போகும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

சைரன் ஊதினார்கள். அணைக்குப் பக்கத்தில் கேட்டது. ஜீப் இடது கரைச் சாலையில் போனது. பதினெட்டு கிலோமீட்டர் கீழே, வலது கரையை ஒட்டிய மணல் திட்டில் ஒன்பது பேர் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மேஸ்திரி, அவர் மனைவி, தங்கை, தங்கையின் கணவர், மற்ற ஐந்து பேர். ஒன்பது இருபத்திரண்டுக்குத் தண்ணீர் வந்தது. தங்கையும் இன்னொருவரும் சல்லடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினார்கள். ஏழு பேரை மறுநாள் மதியம்வரை ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

விசாரணையில் அந்தத் தங்கை சொன்னதை நான் பின் பெஞ்சில் இருந்து கேட்டேன். தண்ணீர் வரும் சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டார்கள்.

“ரேடியோவைச் சத்தமா வெச்சிருந்தோம்ங்க. பாட்டு எண்ற போட்டி. நாங்க சலிப்போம், அண்ணன் எண்ணுவாரு. யாரும் குறுக்க பேசக் கூடாதுன்னுவாரு. பேனாவால கையில கோடு போட்டுட்டே இருந்தாரு.”

“தினமும் கேட்பீர்களா?”

“ஆமாங்க. ஒரு நாளு சரியாச் சொல்லிட்டாராம். ஆனா குடுக்கல. அதுல இருந்து அண்ணனுக்கு ரோஷம். கார் வாங்காம விடமாட்டேன்னு அண்ணிகிட்ட சொல்லிட்டிருந்தாரு. ஓட்டத் தெரியுமான்னு அண்ணி கேட்டுச்சு. வித்துட்டு வீடு கட்டத் தெரியும்னாரு.”

யாரோ மெல்லச் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

மேஸ்திரியின் கையில் இருந்த கோடுகளை மருத்துவமனையில் எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஐந்து ஐந்தாக ஐந்து கட்டு, தனியாக நான்கு. இருபத்தொன்பது. நான் எங்கள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது இருபத்திரண்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது இருபத்தொன்பதாவது பாட்டு. ஒன்றுகூடத் தவறவிடவில்லை.

மணல் திட்டில் நடந்தது எனக்கு ஒன்பது ஐம்பதுக்குத் தெரிந்தது. எங்கள் பொறியாளரின் மைத்துனர் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அக்கா அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து திரும்பி, படியேறிக்கொண்டிருந்தார். நான் அவருடைய மேசைக்குப் போனேன். தாள் தட்டில் மேலாகவே இருந்தது. 10.05-ஐ அழித்தேன். ரப்பர் தூளை ஊதிவிட்டேன். அவர் மையில் போட்ட கையெழுத்தும், 6.50 என்ற நேரமும் மட்டும் மிச்சம் இருந்தன. இதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை.

பத்து மணிக்கு அன்றைய வெற்றியாளரை எடுத்தோம். முப்பத்தேழு என்று சரியாகச் சொன்னார் ஒரு பல் மருத்துவர். பத்து ஐந்துக்கு அறிவிப்பைப் போட்டோம்.

மறுநாள் இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம் என்று முதலாளி சொன்னார். வானொலியில் அது எளிதல்ல. பதினைந்து நொடி சத்தம் இல்லையென்றால் கருவி ஏதோ கோளாறு என்று நினைத்து, தானாக ஒரு பாட்டை எடுத்து ஓட்டிவிடும். அதனால் மௌனத்தைப் பன்னிரண்டு நொடியாக வைத்துக்கொண்டோம். பத்தாம் நாள், சொன்னபடி கார் கொடுக்கப்பட்டது.

விசாரணையில் நான் அக்காவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். பதினாறு வருடமாக நேர்மையாக வேலை செய்தவர் என்றேன். வீட்டில் நோயாளி, பாவம், ஆறு மாதமாகவே கவனம் இங்கே இல்லை என்றேன். ஏழு மணிக்கு வாங்கிய தாளை மேசையில் வைத்துவிட்டு, எட்டரைக்கு மருத்துவமனைக்குப் போய்விட்டார், யாராக இருந்தாலும் மறந்திருப்பார்கள், திரும்பி வந்த பிறகுதான் நினைவு வந்திருக்கும் என்றேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. தாளில் பென்சிலால் நேரம் எழுதியிருந்தது என்றார் அக்கா. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி வழியாகக் காட்டினேன் என்றார். மைக்கைக் கேட்டார்கள். தனக்குக் கண்ணாடி முதுகுப் பக்கம் என்றார் மைக். அது உண்மை.

என் மனைவியிடம் அன்று மாலை, அக்காவுக்காக மனசு கஷ்டமாக இருக்கிறது என்றேன்.

“உங்களுக்கு எப்பவும் இளகின மனசுங்க. அடுத்தவங்க தப்புக்கு நீங்க ஏன் தூங்காம கெடக்கறீங்க?” என்றாள்.

நிறுவனம் அக்காவை உடனே நீக்கியது. காப்பீட்டை மட்டும் மூன்று மாதம் நீட்டிக்கும்படி முதலாளியிடம் நான் பேசினேன். அவர் ஒத்துக்கொண்டார். நான் கேட்டிருக்காவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது.

விசாரணையில் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அறிவிப்பின் நேரம் தெரிந்திருந்தால் நீங்கள் தள்ளி வைத்திருப்பீர்களா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன். ஆற்றுப் பக்கம் உங்கள் வானொலியை யாராவது கேட்பது தெரியுமா என்று கேட்டார்கள். எங்கள் நேயர்களைப் பற்றி ஆண்டுக்கு இரண்டு முறை கணக்கெடுப்பு உண்டு. விளம்பரக்காரர்களுக்குக் காட்டுவதற்காக எடுப்பது. காலை நேரத்தில் காரில் போகிறவர்கள், கடைக்காரர்கள், அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் என்று அதில் இருக்கும். அதைக் கொடுத்தேன். அதில் ஆறே இல்லை.

ஆனால் எனக்குத் தெரியும். போட்டியின் நாலாம் நாள், சனிக்கிழமை, வரும் அழைப்புகளை எடுத்து, யாரை ஒலிபரப்பில் விடுவது என்று முடிவு செய்ய நானே உட்கார்ந்திருந்தேன். முதல் அழைப்பு.

“சார், முப்பத்தஞ்சு பாட்டு.”

சரியான விடை. எங்கேயிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஆத்து மணல்ல இருந்து, சார். மணல் சலிக்கறோம். நாங்க ஒன்பது பேரு, தினமும் உங்களதுதான். இங்க வேற எதுவும் எடுக்காது. சத்தமா வெச்சா அக்கரை வரைக்கும் கேக்கும், சார்.”

பின்னால் தண்ணீர்ச் சத்தமும் மண்வெட்டிச் சத்தமும் கேட்டன. ஒரு பெண், “சார்கிட்ட கார் என்ன கலருன்னு கேளு” என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கார்க்காரர் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கார் வாங்கக்கூடிய ஆட்கள் வேண்டும். ஓட்டத் தெரியாத ஒருவர் வெற்றி பெற்றால் யார் கடைக்கு வருவார்கள்? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. “லைன் சரியில்லை, மறுபடி கூப்பிடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்து வந்தது துணிக்கடை முதலாளி ஒருவர். அவரை விட்டேன்.

அதனால் பதினாறாம் தேதி அக்கா தாளை நீட்டியபோது, மதகு, மணல் திட்டு, இரு கரையில் இருப்பவர்கள் என்று அதில் இருந்ததை நான் முழுதாகப் படித்தேன். அந்த ஒன்பது பேரின் நினைவு வந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்றும் தெரிந்தது. எப்படியும் அவர்களே பார்த்து ஏறிவிடுவார்கள், ஆற்றிலேயே கிடக்கிறவர்களுக்கு ஆற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் எழுதினேன்.

வழக்கு எட்டு மாதம் நடந்தது. தீர்ப்புக்கு முந்தைய வாரம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். உட்காரச் சொன்னேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவதற்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அது எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

“வக்கீலு ஒத்துக்கச் சொல்றாரு, தம்பி. ஒத்துக்கிட்டா கம்மியாகுமாம். நான் மாட்டேன்னுட்டேன். ஆனா ஒரு விஷயம் உங்களைக் கேக்கணும்.”

“கேளுங்க, அக்கா.”

“நான் அந்தத் தாளை உங்ககிட்ட கொண்டாந்தேனா? எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. நீங்க எழுதினது, நான் கண்ணாடியில காட்டினது எல்லாம். ஆனா எல்லாரும் இல்லை இல்லைங்கறாங்க. அன்னைக்கு இவருக்கு வேற ரொம்ப முடியல. நான் மேசையில வெச்சுட்டு, கொண்டாந்ததா நெனச்சுக்கிட்டேனோன்னு இப்ப சந்தேகமா இருக்கு. கண்ணை மூடினா கண்ணாடி மட்டும் வருது. அந்தப் பக்கம் யாரு இருந்தாங்கன்னு தெரியல. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதான் கேட்டுட்டு ஒத்துக்கலாம்னு வந்தேன்.”

மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் குழாயை மூடும்வரை நான் காத்திருந்தேன்.

“கொண்டுவரல, அக்கா” என்றேன்.

அவர் தலையாட்டினார். “அப்ப ஏழு பேரையும் நான்தான்” என்றார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மணல் திட்டில் தப்பித்த அந்தத் தங்கையைப் பார்த்துக் கைகூப்பினார். அக்காவின் கணவர் அதற்கு முன்பே, காப்பீடு நின்ற ஏழாவது வாரத்தில் இறந்துவிட்டிருந்தார்.

அவரை வெளியே கொண்டுவர வேண்டும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. இந்த வாக்குமூலத்தை மனதுக்குள் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். எங்கே தொடங்குவது, எதை முதலில் சொல்வது என்பதில்தான் நாள் போய்விட்டது. வேலையும் அதிகம், இப்போது மூன்று ஊர்களின் நிலையங்களுக்கும் நான்தான் பொறுப்பு. இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்காகத்தான் சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அக்கா இரண்டு ஆண்டுகளையும் முழுதாகக் கழித்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.